கனடா ஸ்பொன்சர்: "எப்படிச் சந்தித்தீர்கள்?" எண்ட கேள்விக்கு என்ன எழுதுறது

(ஒவ்வொரு பகுதிக்கும் மேலை இருக்கிறது, சொல்லுறவர் இருக்கிற ஊர்.)

ஸ்காபரோ:
கணவனை, மனைவியைக் கூப்பிடுகிற ஸ்பொன்சரில் கனபேர் கவலைப்படுகிறது சம்பளத்தைப் பற்றி. துணையை மட்டும் கூப்பிடுகிறவருக்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான எல்லை கிடையாது. கோப்பு விழுகிற இடம் ஐஎம்எம் 5532 படிவம். எப்ப, எங்கை முதலில் சந்தித்தீர்கள், ஆர் அறிமுகம் செய்தது, உறவு எப்படி வளர்ந்தது, கலியாணத்துக்கு ஆர் வந்தது எண்டு கேட்கிறது அதுதான்.

காரணம் குடிவரவு ஒழுங்குவிதி 4(1). அதில் இரண்டு சோதனை இருக்குது. இந்தக் கலியாணம் உண்மையானதா? முக்கியமாகக் குடிவரவுக்காகச் செய்ததா? 2010 செப்டம்பர் 30க்கு முந்தி இரண்டிலும் தவறினால்தான் மறுப்பு. அதுக்குப் பிறகு ஒன்றில் தவறினாலே போதும். முதற் கேள்விக்கு இப்ப இருக்கிற உறவு பதில் சொல்லும். இரண்டாவது, கலியாணம் முடிச்ச நேரத்தில் என்ன நோக்கம் இருந்தது எண்டு பார்க்கிறது. அதை அதிகாரி முக்கியமாகக் கலியாணத்துக்கு முந்தின மாதங்களில்தான் தேடுவார். ஆகவே விரும்பின கதையை இரண்டு வரியில் முடிச்சுப் போடாதேங்கோ.

யாழ்ப்பாணம்:
அண்ணை சொன்னது சரி. எங்கட ஆக்களிட்டைக் கூடுதலாக நடக்கிறது தனிக் காதலும் இல்லை, தனிப் பேச்சுக்காலும் இல்லை. சாதகம் பொருந்தினதும் நம்பர் கைமாறும். ஆறேழு மாதம் வைபரில் கதைப்பினம், அதுக்குள்ளை விருப்பம் வரும், பிறகுதான் நேரில் காணுறது. அதை அப்படியே எழுதுங்கோ. பேச்சுக் கலியாணம் எண்டால் மறுத்துப் போடுவாங்கள் எண்டு பயந்து, ரெயினில் கண்டு காதலிச்சதாக மாத்துகிறவை இருக்கினம். இன்ரவியூவில் நம்பர் தந்த மச்சாளின் பெயர் வந்தவுடனே அது உடைஞ்சு போகும்.

பேசிச் செய்யிறது எங்கட வழக்கம் எண்டது கோப்புப் பார்க்கிறவைக்குத் தெரியும். அவைக்குச் சந்தேகம் வாறது வழக்கத்திலிருந்து விலகின இடங்களில். மாப்பிள்ளையைவிடப் பெண்ணுக்கு எட்டு வயது கூட. ஒராள் விவாகரத்தானவர். தாய் தகப்பன் வரேல்லை. பொன்னுருக்கல் (தாலிக்குப் பொன் உருக்கிற சடங்கு) இல்லை. பத்துப் பேரோடை கோயிலில் முடிஞ்சுது. இதில் ஒண்டும் பிழை இல்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதியிருக்க வேணும். "அப்பா சாதி பார்த்து எதிர்த்தவர், அதால வரேல்லை" எண்டால் அதையே எழுதுங்கோ. காதலிச்சு எதிர்ப்போடை முடிச்சவைக்கு அந்த எதிர்ப்பே பலமான சான்று. அதை மறைக்கிறவையைப் பார்க்க எனக்கு உண்மையிலே மனவருத்தம்.

எழுதேக்கை இந்த ஒழுங்கில் போங்கோ: நம்பர் தந்தது ஆர், முதற் கதை எந்த மாதம், விருப்பத்தை முதலில் சொன்னது ஆர், பழைய கலியாணம் இருந்தால் அதை எப்ப சொன்னவர், ஆரின்ரை வீட்டில் முதலில் தெரிஞ்சது, நேரில் கண்ட இடம். "ஏன் இவரைத் தெரிஞ்சீங்கள்" எண்டதுக்கு "நல்லவர், குடும்பத்தை மதிக்கிறவர்" எண்டு எழுதினால் அது ஆருக்கும் பொருந்தும். அவரின்ரை இரவு வேலை, தாயின்ரை வருத்தம், எதுக்காகச் சண்டை பிடிச்சு எத்தனை நாள் கதைக்காமல் இருந்தனீங்கள் எண்டது வரவேணும்.

மொன்றியல்:
சான்றுகளைப் பற்றி. என்னென்ன ஆவணம் வைக்க வேணும் எண்டு சொல்லுற ஐஎம்எம் 5533 பட்டியல் வைக்கிற எல்லை: படம் 20, உரையாடல் அச்சு 10 பக்கம். அல்பத்தை முழுசாக ஏத்த முடியாது. இருபதில் மாலையும் மணவறையும் நாலைந்து போதும். மிச்சம் முதற் சந்திப்பு, மற்ற ஆளின் வீட்டுக் குசினி, இரண்டு பக்கத்துத் தாய்மாரும் சேர்ந்து நிற்கிறது எண்டு வேறு வேறு மாதங்களில் இருக்கட்டும். ஒரே நாளில் நாலு சேலை மாத்தி எடுத்த படங்கள் ஒரு நாளுக்குரிய சான்றுதான். ஒவ்வொன்றுக்கும் கீழே திகதி, இடம், நிற்கிறவையின் பெயர், உறவு.

பத்துப் பக்கத்தையும் ஒரு கிழமைக் கதையில் செலவழிக்காதேங்கோ. தொடக்கம், விருப்பம் சொன்ன நாட்கள், சண்டை, எழுத்துக்கு (கலியாணப் பதிவுக்கு) முந்தின ஏற்பாடு, பிரிஞ்சிருக்கிற காலம் எண்டு பரவலாக எடுங்கோ. திகதியும் நம்பரும் தெரிய வேணும். செல்லப்பெயரில் சேமிச்சிருந்தால் அது ஆர் எண்டு அதிகாரிக்குத் தெரியாது. தமிழில் உள்ளதுக்கு ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வேணும், அதைக் குடும்பத்தவர் செய்ய ஏலாது. ஆங்கில எழுத்தில் தட்டின தமிழுக்கும் இதே விதிதான். போன் மாத்த முந்தி வைபரைச் சேமிச்சு வையுங்கோ, பழைய கதை திரும்ப வராது.

திருச்சி:
இங்க வந்து கல்யாணம் பண்றவங்களுக்கு ரெண்டு விஷயம். ஊர்ல பண்ணாம ஏன் இந்தியாவுக்கு வந்தீங்கன்னு கேள்வி வரும். கனடாவுல அகதியா ஏத்துக்கப்பட்டு இன்னும் குடியுரிமை வாங்காதவங்க இலங்கைக்குப் போனாலோ, இலங்கை பாஸ்போர்ட் எடுத்தாலோ, பாதுகாப்பு இனித் தேவையில்லைன்னு அரசு அந்த அந்தஸ்தையே முடிக்கக் கேட்கலாம். 2012 டிசம்பர் 15க்கு அப்புறம் அதோட நிரந்தர வதிவிடமும் போயிடலாம். காரணம் அதுதான்னா படிவத்துல ஒரு வரி எழுதிடுங்க.

அடுத்தது பதிவு. 1954 சிறப்புத் திருமணச் சட்டத்துல ஒருத்தராவது அந்த மாவட்டத்துல 30 நாள் தங்கியிருந்து நோட்டீஸ் கொடுக்கணும், அப்புறம் இன்னொரு 30 நாள் காத்திருக்கணும். மூணு வார லீவுல நடக்காது. ரெண்டு பேரும் இந்துவா இருந்து கோயில்ல தாலி கட்டினாலும் கோயில் ரசீதோட நிறுத்தாம சார்பதிவாளர் அலுவலகத்துல பதிவு பண்ணுங்க. வெளிநாட்டு பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன கேட்பாங்கன்னு டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே விசாரிச்சிடுங்க.

மார்க்கம்:
எழுத்துக்கும் தாலிக்கும் இடையில் எட்டு மாதம் இருந்தால் இரண்டு திகதியையும் சொல்லுங்கோ. சட்டப்படி கலியாணம் எழுத்து நாளில். எழுத்து முடிஞ்ச ஒருவர் தனி ஆள் எண்டு பதிஞ்சு நிரந்தர வதிவிடத்தோடை கனடாவில் இறங்கினால், ஒழுங்குவிதி 117(9)(டி) பிறகு அந்தத் துணையைக் கூப்பிடுகிற வழியையே பொதுவாக அடைச்சுப்போடும். மாப்பிள்ளை ரொறன்ரோவில், பொம்பிளை கொழும்பில் இருக்க, வீடியோவில் செய்யிற கலியாணத்தை 2015 ஜூன் 11 தொடக்கம் ஸ்பொன்சருக்கு ஏற்கிறதில்லை.

யாழ்ப்பாணம்:
இன்ரவியூவில் ஒரு விசயம். "அண்ணா வந்தவர்" எண்டு சொல்லிப்போட்டு விடாதேங்கோ. குடும்பப் படிவத்தில் அண்ணா இல்லை எண்டால் அதிகாரி முரண்பாடு எண்டு எழுதுவார். பெயரையும், "பெரியம்மாவின்ரை மகன்" எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ. திகதி ஞாபகமில்லை எண்டால் "தைப்பொங்கலுக்கு ஒரு கிழமை முந்தி" எண்டு சொல்லலாம், ஊகிச்சு ஒரு திகதி சொல்ல வேண்டாம்.

ஸ்காபரோ:
மறுத்தால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்கு 30 நாளுக்குள் போட வேணும். போடுறது ஸ்பொன்சர் செய்தவர். அதோடை 5 டொலர் கட்டி, தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கோப்பிலுள்ள அதிகாரியின் குறிப்புகளை எடுங்கோ. மறுப்புக் கடிதத்தைவிட அதில் காரணம் விபரமாக இருக்கும். மேன்முறையீட்டில் புதிய சான்றும் வைக்கலாம், மறுப்புக்குப் பிறகு போய்ச் சந்திச்சதையும் காட்டலாம். ஆனால் முதற் படிவத்தில் எழுதின கதை பொய் எண்டு முடிவானால் கதை வேறு: தவறான தகவலுக்கு ஐந்து வருசத் தடை.