ஓரிகானோவுக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். வீட்டுத் தொட்டியில் ஓரிகானோ (பீட்சாவில் தூவுகிறார்களே, அந்த வாசனை இலை) வளர்ப்பது பற்றிய 4 பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். எல்லாம் முடிந்து, '... பராமரிப்பு' என்ற தலைப்பில் வந்து நிற்கிறேன். செடியின் பெயரைக் 'கற்பூரவல்லி' என்று போட்டுவிடலாமா? பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

செடி வளர்ப்பவர் எழுதியது:
தயவுசெய்து போடாதீர்கள். இரண்டும் துளசி, புதினா இருக்கும் அதே குடும்பம்தான். இரண்டிலும் கார்வக்ரால் என்ற மணப்பொருள் இருப்பதால் வாசனையும் ஒத்துப்போகும். அதோடு சரி. கற்பூரவல்லி இலை தடித்தது, நீர் கோத்தது. ஓரிகானோ இலை சிறியது, மெல்லியது. உங்கள் கையேட்டில் 'பூக்கும் முன் தண்டோடு வெட்டி, கொத்தாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள்' என்று ஒரு வரி இருக்குமே? கற்பூரவல்லியை அப்படித் தொங்கவிட்டால் காய்வதற்குள் அழுகத் தொடங்கிவிடும். உறைபனி விழுந்தால் கற்பூரவல்லி கருகும், ஓரிகானோ அடுத்த வசந்தத்தில் அடியிலிருந்து துளிர்க்கும். பெயரை மாற்றினால் கையேடே பொய்யாகிவிடும்.

புலவர் எழுதியது:
வல்லி என்றாலே கொடி. இது கொடியா? ஓரிகானோ என்ற பெயருக்குக் கிரேக்க மொழியில் 'ஓரோஸ்' என்றால் மலை, 'கானோஸ்' என்றால் ஒளி அல்லது உவகை என்பது வழக்கமாகச் சொல்லும் விளக்கம். அதையே தமிழாக்கினால் வெற்பு + உவகை. வன்றொடர்க் குற்றியலுகரம் கெட்டு, மெய்மேல் உயிரேறி, 'வெற்புவகை'. எவ்வளவு அழகு!

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
ஐயா, 'வெற்பு வகை' என்றல்லவா படிப்பார்கள்? மலை வகைகளைத் தொட்டியில் வளர்க்கச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

தாவரவியல் ஆசிரியை எழுதியது:
இவ்வளவு தூரம் போவானேன்? நம்மிடம் 'மரு' என்ற மணச்செடி இருக்கிறது. மருவும் ஓரிகானோவும் ஒரே பேரினம் (genus). அதனால் 'மலைமரு' என்றால் உறவும் விளங்கும், கிரேக்கப் பெயரில் உள்ள மலையும் நிற்கும். நான் வகுப்பில் அப்படித்தான் சொல்கிறேன்.

செடி வளர்ப்பவர் எழுதியது:
அம்மா, தோலில் வருவதற்கும் மரு என்றுதானே பெயர்? 'வீட்டில் மரு வளர்ப்பது எப்படி' என்று தலைப்பு வைத்தால் யார் வாங்குவார்கள்? மலைமரு இன்னும் மோசம், மலையளவு மரு.

புலவர் எழுதியது:
மரு என்றால் மணம். தோல் நோய்க்குப் பயந்து நல்ல சொல்லைக் கைவிட முடியாது. கேளுங்கள், கிரேக்கர் 'அமராகோஸ்' என்று சொன்ன செடியே நம் மருதான் என்பது என் நெடுநாள் துணிபு. இஞ்சிவேர் அங்கே போய் சிங்கிபேரிஸ் ஆகவில்லையா?

ஆசிரியை எழுதியது:
இஞ்சி இங்கிருந்து சரக்காகப் போனது, பெயரும் கூடப் போனது. மரு மத்தியதரைக் கடலோரச் செடி. தன் கொல்லையில் முளைப்பதற்குக் கிரேக்கன் நம்மிடம் ஏன் பெயர் கேட்க வேண்டும்? வடமொழியிலும் மருவகம் உண்டு. யார் யாரிடம் வாங்கினார்கள் என்பது வெள்ளிக்கிழமைக்குள் தீராது.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். செடி ஒரு சாண் வளர்ந்ததும் நுனியை எடுத்துவிட வேண்டுமாம். 'நுனி கிள்ளுதல்' போதுமா, 'முனைநீக்கம்' என்று போடவா?

செடி வளர்ப்பவர் எழுதியது:
கிள்ளுதல்தான். விரல் நகத்தால் செய்யும் வேலைக்கு அதைவிடச் சரியான சொல் ஏது? கிள்ளிய இடத்துக்குக் கீழே, எதிரெதிர் இலைகளின் கக்கத்திலிருந்து இரண்டு கிளை வரும். அப்படித்தான் செடி புதர் கட்டும்.

புலவர் எழுதியது:
கிள்ளுக்கீரை என்ற ஏளனம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே. 'தலைகொய்தல்'?

ஆசிரியை எழுதியது:
பிள்ளைகள் வாளோடு வருவார்கள், ஐயா.

புலவர் எழுதியது:
சரி, கிள்ளுங்கள். ஆனால் தலைப்பில் 'பராமரிப்பு' வேண்டாம். 'பேணல்' இருக்கிறது.

செடி வளர்ப்பவர் எழுதியது:
எந்தச் சொல்லாக இருந்தாலும் கொஞ்சமாகச் செய்யச் சொல்லுங்கள். நான் பறிகொடுத்த 3 செடிகளும் நான் விழுந்து விழுந்து பராமரித்தவை. தினமும் தண்ணீர், வேர் அழுகிப் போச்சு. இப்போது மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஊற்றுகிறேன். அடியில் துளையுள்ள மண்தொட்டி, நாளுக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில். உரம் அதிகம் போட்டால் இலை கொழுக்கும், மணம் போய்விடும். விதை போடுகிறவர்கள் மண்ணைப் போட்டு மூடுவதும் இதே அக்கறைதான். பொடி விதை அது, வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். 'பேணல்' என்றால் இன்னும் அதிகமாக ஊற்றுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

புலவர் எழுதியது:
இரவெல்லாம் யோசித்தேன். ஓரிகானோ என்று ஓகாரத்தில் முடிக்காமல் 'ஓரிகானம்' என்று எழுதுவோம். மரம், பணம் போல அத்துச்சாரியை ஏற்கும். ஓரிகானத்தை, ஓரிகானத்துக்கு. அதைவிட முக்கியம், பிரித்துப் பாருங்கள்: ஓரி + கானம். கொல்லிமலை ஆண்ட வல்வில் ஓரியின் காடு! மலையும் வந்துவிட்டது, வள்ளலும் வந்துவிட்டார்.

ஆசிரியை எழுதியது:
ஓரிகானம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தாவரவியலில் அது பேரினத்தின் பெயர், மருவும் அதற்குள் அடங்கும். ஒற்றைச் செடிக்கு வைத்தால் என் வகுப்பில் குழப்பம். நான் மலைமருவிலேயே இருக்கிறேன்.

செடி வளர்ப்பவர் எழுதியது:
புட்டியில் ஓரிகானோ என்றுதான் ஒட்டியிருக்கிறது. அதையே எழுதிவிட்டுத் தூங்குங்கள்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
அனுப்பிவிட்டேன். தனிமடலில் சொன்னவர்களையும் சேர்த்தால் 'ஓரிகானோ'வுக்குத்தான் ஆள் அதிகம். தலைப்பு 'ஓரிகானோ வளர்ப்பு', பராமரிப்பும் பேணலும் இரண்டுமே இல்லை. முதல் பத்தியில் 'மருவுக்கு உறவான செடி' என்று ஒரு தொடர் சேர்த்திருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

புலவர் எழுதியது:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். 'ஓரிகானோவுக்கு' என்று எழுதும்போதெல்லாம் அந்த வகர உடம்படுமெய் கண்ணை உறுத்தப் போகிறது. கையேட்டின் இரண்டாம் பதிப்பு எப்போது?