ஆறாவது ஹாரி பாட்டர் படம்: அந்த நினைவுகளை வெட்டியிருக்கலாமா?

கருங்காலி:
2009 ஜூலையில் வந்த 'ஹாஃப் பிளட் பிரின்ஸ்' பற்றித்தான். இயக்கம் டேவிட் யேட்ஸ், திரைக்கதை ஸ்டீவ் க்ளோவ்ஸ். படத்தின் இருட்டை எல்லோரும் கொண்டாடுகிறார்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. திரைக்கதையில் விழுந்த வெட்டைத்தான் ஏற்க முடியவில்லை.

நாவலில் பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோர், வில்லன் வோல்டமோர்ட்டின் கடந்தகாலம் பற்றி ஹாரிக்குக் காட்டும் நினைவுகள் வெறும் பழங்கதை அல்ல, துப்பறியும் தடயங்கள். வோல்டமோர்ட்டின் தாய்வழிக் கான்ட் குடும்பத்தின் குடிசையில் மோதிரத்தையும் லாக்கெட்டையும் பார்க்கிறோம். ஹெப்சிபா ஸ்மித் என்ற பணக்காரக் கிழவி அதே லாக்கெட்டையும் பள்ளி நிறுவனர் ஹஃபில்பஃபின் கோப்பையையும் இளம் டாம் ரிடிலிடம் (பிற்பாடு இவன்தான் வோல்டமோர்ட்) பெருமையாகக் காட்டுகிறாள். இரண்டே நாளில் அவள் பிணம், பொருள்கள் மாயம். ஹார்க்ரக்ஸ், அதாவது வோல்டமோர்ட் தன் ஆன்மாவின் துண்டை ஒளித்துவைத்த பொருள், எதுவாக இருக்கும் என்று ஹாரி ஊகிக்க அடிப்படையே இதுதான்.

படத்தில் மிஞ்சியவை அநாதை இல்லமும், ஆசிரியர் ஸ்லக்ஹார்னின் ஒரே நினைவின் பொய் வடிவமும் மெய் வடிவமும். வோல்டமோர்ட் குப்பை எதையும் ஹார்க்ரக்ஸாக்க மாட்டான், பெருமைக்குரிய பரம்பரைப் பொருளாகத்தான் தேடுவான் என்ற முக்கியமான விஷயம் கைவிட்டுப் போயிற்று.

மின்மினி:
நாவலில் 30 அத்தியாயங்கள், படம் 153 நிமிடம். ஒவ்வொரு நினைவுக்கும் பென்சீவ் என்ற நினைவுத் தொட்டிக்குள் இறங்க வேண்டும், பார்க்க வேண்டும், வெளியே வந்து இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். படிக்கும்போது சுகம். திரையில் ஐந்தாறு முறை இதையே செய்தால் படம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

அந்த நேரத்தைப் படம், வோல்டமோர்ட் பக்கம் சேர்ந்த மாணவன் டிராகோவுக்குக் கொடுத்தது. நாவலில் அவன் என்ன செய்கிறான் என்பது கடைசிவரை மூடுமந்திரம், நாம் ஹாரியின் சந்தேகத்தோடுதான் நிற்கிறோம். படத்தில், உள்ளே வைத்ததை வேறோர் இடத்திலுள்ள ஜோடி அலமாரிக்கு அனுப்பும் மறையும் அலமாரியை நம் கண்ணெதிரே சோதிக்கிறான். முதலில் ஆப்பிளை உள்ளே வைத்து அனுப்புகிறான், கடித்த தடத்தோடு திரும்புகிறது. அடுத்து உயிருள்ள பறவை, அது செத்துத் திரும்புகிறது. அலமாரி இன்னும் சரியாகவில்லை என்பதும், சரியானால் என்ன வரப்போகிறது என்பதும் வசனமே இல்லாமல் புரிகிறது. பையன் அழுகிறான். வளர்ந்த வோல்டமோர்ட் நேரில் வந்து பேசும் காட்சியே இல்லாத படத்தில் அந்தப் பயத்தைத் தாங்கி நிற்பது டிராகோவாக நடித்த டாம் ஃபெல்டனின் முகம்தான்.

ஸ்லக்ஹார்ன் காட்சியையும் பாருங்கள். ஹாரியின் அம்மா லில்லி பரிசாகக் கொடுத்த கிண்ணத்தில் மலரிதழ் மீனாக மாறும், அவள் இறந்த நாளில் கிண்ணம் காலியாகக் கிடக்கும். நாவலில் இல்லாத சேர்க்கை இது. அவர் ஏன் வெட்கப்பட்டு நினைவை மறைத்தார், ஏன் கடைசியில் கொடுத்தார் என்பதற்கு அந்த மீன் ஒன்றே போதும்.

கருங்காலி:
மீன் காட்சி அருமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே மிச்சப்படுத்திய நிமிடங்களுக்கு அடுத்த படங்கள் வட்டி கட்டின. கோப்பையின் வரலாறு சொல்லப்படாததால், எட்டாவது படத்தில் கிரிங்காட்ஸ் வங்கிப் பெட்டகத்துக்குள் ஹாரி ஹார்க்ரக்ஸை உள்ளுணர்வால் 'கேட்டு' கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. இன்னொரு ஹார்க்ரக்ஸான மகுடத்துக்கும் அதே வைத்தியம்தான். நாவலில், 'ஹாஃப் பிளட் பிரின்ஸ்' என்று பெயரெழுதிய பழைய பாடப்புத்தகத்தை ஒளிக்கும்போது அடையாளத்துக்காக ஹாரியே ஒரு பழைய மகுடத்தை அங்கிருந்த சிலையின் தலையில் வைக்கிறான். பிற்பாடு அது நினைவுக்கு வருவதுதான் திருப்பம். படத்தில் புத்தகத்தை ஒளிப்பது ஹாரி காதலிக்கும் ஜின்னி, ஹாரி கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான். ஒரு முத்தத்துக்காகத் தடயம் போயிற்று.

தலைப்புக்கே விளக்கம் கிடையாது என்பது இன்னொரு வருத்தம். ஆசிரியர் ஸ்னேப்பின் தாய் ஐலீன் பிரின்ஸ், தந்தை மந்திரமற்ற மகிள். அம்மாவின் குடும்பப் பெயரிலிருந்துதான் 'பிரின்ஸ்' வருகிறது. ஒரே வரி வசனத்துக்கு இடமில்லையா? 'நான்தான் அது' என்று ஸ்னேப் சொல்லிவிட்டுப் போகிறார், நாவல் படிக்காதவர் ஏன் என்று விழிக்கிறார்.

ஒளிவட்டம்:
இருட்டில் சண்டை இல்லை என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள், அதனால் குறுக்கிடுகிறேன். இந்த வரிசையில் ஒளிப்பதிவுக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றது இது ஒன்றுதான். ஒளிப்பதிவாளர் புரூனோ டெல்பொனெல். நிறங்களின் அடர்த்தியைக் குறைத்து, பச்சையும் சாம்பலும் கலந்த சாயலை முழுப் படத்துக்கும் கொடுத்தார். விளக்கை அணைத்துச் செய்த இருட்டு அல்ல அது. ஜன்னல் பக்கமிருந்து மென்மையான ஒளி வரும், முகத்தின் மறுபக்கம் மெல்ல நிழலில் கரையும். ஹாக்வார்ட்ஸ் பழைய பள்ளிதான், ஆனால் வெதுவெதுப்பு வற்றிவிட்டது என்பதை அந்தச் சாயலே சொல்கிறது.

வீட்டில் பார்த்து 'ஒன்றுமே தெரியவில்லை' என்பவர்கள் முதலில் டிவியைச் சரிபார்க்கவும். படப் பயன்முறையை சினிமாவுக்கு மாற்றுங்கள். டைனமிக் கான்ட்ராஸ்ட், மின்சேமிப்பு, அறை வெளிச்சத்துக்கேற்பத் தானாக மங்கும் வசதி மூன்றையும் அணையுங்கள். பிறகு பிளேயர் எச்டிஎம்ஐ வழியே அனுப்பும் ஒளி அளவு வரம்பும் டிவியின் வரம்பும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பிளேயர் 0 முதல் 255 வரை அனுப்ப, டிவி 16 முதல் 235 வரை எதிர்பார்த்தால் 16க்குக் கீழுள்ள நிழல் விவரமெல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். மாறாக இருந்தால் கறுப்பு வெளிறிச் சாம்பலாகும். ஹார்க்ரக்ஸைத் தேடிப் போகும் குகைக் காட்சி பாழாவது பெரும்பாலும் இதனால்தான்.

கருங்காலி:
நல்ல விளக்கம், நன்றி. மின்மினி, நேரமில்லை என்கிறீர்களே, ஹாரியின் நண்பன் ரான் வீஸ்லியின் வீட்டை வோல்டமோர்ட்டின் ஆட்கள் எரிக்கும் காட்சிக்கு மட்டும் எங்கிருந்து நேரம் வந்தது? நாவலில் அது கிடையாது. அடுத்த படத்தில் அதே வீடு முழுசாக நிற்கிறது, கல்யாணம் நடக்கிறது. எரித்ததால் கதையில் ஒரு துரும்பும் அசையவில்லை.

மின்மினி:
அது வீண் காட்சிதான், அதற்காக வாதாட மாட்டேன். கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் பாதுகாப்பில்லை என்று காட்ட நினைத்தார்கள், விளைவைத் தொடராமல் விட்டார்கள். தொடக்கத்தில் லண்டன் மில்லேனியம் பாலம் இடிவது அப்படியல்ல. நாவலில் கற்பனைப் பாலம், அதுவும் செய்தியாகத்தான் வரும். நிஜமான பாலம் முறுகி விழுவதைப் பார்க்கும்போது போர் மந்திர உலகைத் தாண்டிவிட்டது என்று அரை நிமிடத்தில் தெரிகிறது.

கருங்காலி:
நாவலின் கணக்கில் அது 1996, அந்தப் பாலம் திறந்ததோ 2000இல். போகட்டும், என் பெரிய குறை டம்பிள்டோர் கொல்லப்படும் கோபுரக் காட்சி. நாவலில் டம்பிள்டோர் ஹாரியை மாயப் போர்வைக்குள் அசைய முடியாமல் கட்டிவிடுகிறார். அதற்குச் செலவான ஒரு நொடியில்தான் டிராகோ அவருடைய மந்திரக்கோலைத் தட்டிப் பறிக்கிறான். கட்டு அவிழ்ந்ததும், அவர் இறந்துவிட்டார் என்று ஹாரிக்கு உடலே சொல்லிவிடுகிறது. படத்தில் கட்டே இல்லை. கையில் கோலோடு கீழே நின்று பார்க்கிறான். ஹாரி அப்படி நிற்பவனா?

மின்மினி:
ஸ்னேப் வந்து உதட்டில் விரல் வைத்ததால் நிற்கிறான். படம் முழுக்க அவரைச் சந்தேகித்தவன், அந்த ஒரு கணம் நம்பிவிடுகிறான். அடுத்த நிமிடம் ஸ்னேப்பின் கோலிலிருந்தே கொல்லும் பச்சை ஒளி பாய்கிறது. நாவலில் ஹாரியால் எதுவும் செய்திருக்க முடியாது. படத்தில் முடிந்திருக்கும், செய்யவில்லை. கீழே உடலருகே அவன் மண்டியிடும்போது அந்தக் கனம் கூடவே இருக்கிறது.