பெயரே இல்லாத பழைய உலோகக் கார்: யார் செய்தது, எந்தக் காலம்?

டர்பன்_பூவரசு:
வணக்கம். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது வந்த பொம்மைக் கார் இது. நான்கு கதவு, பின்பக்கம் கூரையிலிருந்து ஆமை முதுகு மாதிரி சரிந்து இறங்குகிறது. நீளம் 91 மி.மீ. பின்சக்கரத்தின் மேல்பாதியை உடலே மூடிவிடுகிறது. ஜன்னல்களில் கண்ணாடி இல்லை, உள்ளே இருக்கையும் இல்லை. மேலே கரும்பச்சை, பெயின்ட் உதிர்ந்த இடத்தில் மணல் நிறம் தெரிகிறது. கவிழ்த்துப் பார்த்தால் ஓர் எழுத்துகூட இல்லை. முன் ஆக்சிலைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், பின் ஆக்சில் ஒரு ஆணி. பச்சையாக இருப்பதால் தென்னாப்பிரிக்காவிலேயே பெயின்ட் அடித்து வந்த டிங்கியா (பழைய பிரிட்டிஷ் பொம்மைக் கார் பிராண்ட்) என்று சந்தேகம். எதிலிருந்து தொடங்குவது?

துத்தநாகம்:
தம்பி, நிறத்தைக் கடைசியில் பார்ப்போம். முதலில் உலோகம். நகை எடை பார்க்கும் 0.1 கிராம் தராசு போதும். டயர், கம்பி, ஆணி எல்லாம் கழற்றிவிட்டு வெறும் உடலை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காரை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க இறக்குங்கள். அடியிலும் பக்கத்திலும் தொடக் கூடாது. இப்போது தராசு காட்டும் கிராம்தான் காரின் கன அளவு, கன செ.மீ.யில். முதல் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி.

6.6, 6.7 வந்தால் துத்தநாகக் கலவை, அதாவது மசாக். 11ஐ ஒட்டி வந்தால் ஈயம். 2.7 என்றால் அலுமினியம். 7.3க்கு மேல் 10 வரை எங்காவது நின்றால் வெள்ளீயமும் ஈயமும் கலந்த வார்ப்பு என்று சந்தேகிக்கலாம். பிற்காலத்தில் ரப்பர் அச்சில் எடுத்த நகல்கள் பெரும்பாலும் அந்த ரகம்.

இதில் எல்லாரும் தவறுவது ஒரே இடத்தில். கூரைக்கு உள்பக்கம் காற்று சிக்கிக்கொள்ளும். அப்போது கன அளவு கூடுதலாகக் காட்டும், அடர்த்தி குறைந்துவிடும், துத்தநாகம் அலுமினியம் பக்கம் போய்விடும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, காரைச் சாய்த்துச் சாய்த்து இறக்குங்கள். முடிந்ததும் உடனே துடைத்து நன்றாகக் காய வையுங்கள். டர்பன் காற்றின் ஈரமே இந்த உலோகத்துக்கு அதிகம்.

அதோடு உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். வட்டமான சின்ன முத்திரைகள் இருந்தால் அவை வார்ப்பை அச்சிலிருந்து வெளியே தள்ளும் ஊசிகளின் தடம். எஃகு அச்சில் அழுத்தி வார்த்தது என்று அர்த்தம். உள்பக்கம் மெழுகு வழிந்த மாதிரி மேடுபள்ளமாக இருந்தால், ஈயத்தை ஊற்றிக் கவிழ்த்து எடுத்த பழைய முறை. இன்னொன்று: அடியில் ஒடிந்த கால் மாதிரி ஏதாவது இருக்கிறதா? அதைத்தான் நான் முக்கியமாகக் கேட்கிறேன்.

டர்பன்_பூவரசு:
எடை 63.4 கிராம். தண்ணீரில் முதல் தடவை 11.8 காட்டியது. நீங்கள் சொன்னபடி காற்றை வெளியேற்றிய பிறகு 9.6. கூரையின் உள்ளே வட்டத் தடங்கள் இருக்கின்றன. முன்னும் பின்னும் ஆளுக்கொன்றாக இரண்டு மொட்டைக் குமிழ்கள், நுனி சொரசொரப்பு. உள்பக்கம் முழுக்க மணல் நிறம்தான், பச்சை உள்ளே போகவே இல்லை.

துத்தநாகம்:
63.4ஐ 9.6ஆல் வகுத்தால் 6.6. மசாக். அந்த இரண்டு குமிழ்களில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. அவை உடலோடு சேர்ந்து வார்த்த ரிவெட் கால்கள். தகரத்தில் வெட்டிய பேஸ் பிளேட்டை, அதாவது அடித்தகட்டை, அதில் மாட்டி, நுனியைத் தட்டி மடக்கிவிடுவார்கள். உற்பத்தியாளர் பெயரும் காரின் பெயரும் அந்தத் தகரத்தில்தான் இருந்திருக்கும். ஆகவே இது பெயர் இல்லாத கார் அல்ல, பெயரைத் தொலைத்த கார். "பெயர் இல்லை, மலிவான சாமான்" என்று தள்ளிவிடும் பல கார்களின் நிலை இதுதான். பேஸ் பிளேட் இல்லாமலே வந்த சின்ன கார்களும் உண்டு, அவற்றில் இந்தக் கால்கள் இருக்காது.

வெருலம்_அண்ணாச்சி:
நானும் சேர்ந்துகொள்கிறேன். உருவத்தைப் பார்த்தால் ஸ்டாண்டர்ட் வான்கார்ட் என்ற பிரிட்டிஷ் காரின் முதல் வடிவம். 1947இல் அறிமுகமான நிஜக் காருக்கு இதே ஆமை முதுகு. ஆனால் முதுகை மட்டும் நம்பிச் சொல்லக் கூடாது, அந்தக் காலத்து அமெரிக்கக் கார்கள் பலவற்றுக்கும் அப்படித்தான். விகிதத்தை வைத்துச் சரிபாருங்கள். முன்சக்கர வளைவின் நடுவிலிருந்து பின்சக்கர வளைவின் நடுவுக்கு அளந்து, மொத்த நீளத்தால் வகுக்கவும். நிஜ வான்கார்டில் சக்கர இடைவெளி 94 அங்குலம், கிட்டத்தட்ட 2.39 மீட்டர். நீளம் சுமார் 4.2 மீட்டர். விகிதம் 0.57. பொம்மையை எத்தனை மடங்கு சிறிதாக்கியிருந்தாலும் விகிதம் மாறாது. ஆணி மாட்டிய இடத்தை வைத்து அளக்காதீர்கள், வளைவை வைத்து அளங்கள்.

டர்பன்_பூவரசு:
52 மி.மீ. அண்ணா. 91ஆல் வகுத்தால் 0.57.

வெருலம்_அண்ணாச்சி:
அப்படியானால் டிங்கி டாய்ஸ் வான்கார்டுதான். லிவர்பூலில் மெக்கானோ நிறுவனம் செய்தது. முதலில் 40இ என்ற எண், 1954இல் எண்களை மாற்றியபோது 153. தொடக்கத்து வார்ப்பில் பின்சக்கர வளைவு திறந்திருக்கும், பிந்தியதில் மூடியிருக்கும். உங்களுடையது பிந்தியது. கண்ணாடி இல்லாததும் பொருந்துகிறது: 1956இல் போட்டி பிராண்டான கோர்கி கண்ணாடி ஜன்னலோடு வந்த பிறகுதான் மற்றவர்களும் அதைப் பின்பற்றினார்கள். மணல் நிறம் இந்தக் காருக்குத் தொழிற்சாலையில் அடித்த நிறங்களில் ஒன்று.

தென்னாப்பிரிக்க டிங்கி விஷயம்: இறக்குமதிக் கட்டுப்பாட்டால் பாகங்களாகக் கொண்டுவந்து இங்கேயே பெயின்ட் அடித்து விற்றார்கள் என்பது உண்மை. ஆனால் சேகரிப்பவர்கள் தேடும் அந்தக் கார்கள் 1960களின் வார்ப்புகள், ஃபோர்டு ஆங்லியா மாதிரி. பெட்டியில் ஆங்கிலமும் ஆஃப்ரிகான்ஸும் இருக்கும். அப்படி இங்கே அடித்த நிறத்துக்குக் கீழே இன்னொரு தொழிற்சாலை நிறம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் பச்சைக்குக் கீழே மணல் நிறம் இருக்கிறது, உள்ளேயும் மணல் நிறம்தான். யாரோ வீட்டில் அடித்த பச்சை. யாராவது "தென்னாப்பிரிக்க வெளியீடு" என்று சொல்லி விலை ஏற்றினால் இதைக் காட்டுங்கள்.

பச்சையை எடுக்கலாம் என்று நினைக்கிறேன். பின்சக்கர வளைவின் உள்ளே ஒரு புள்ளியில், காது குடையும் பஞ்சில் கொஞ்சம் தின்னர் தொட்டு, இரண்டு நொடி வைத்துத் துடைத்துப் பாருங்கள். வீட்டு பெயின்ட் இளகும். அடுப்பில் சுட்ட பழைய எனாமல் சீக்கிரம் இளகாது.

துத்தநாகம்:
அண்ணாச்சி, இதில் நான் உடன்படவில்லை. கீழே மணல் நிறம் எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் துடைத்தால் பாதி வெறும் உலோகமாக நிற்கும். முதலில் நான்கு பக்கமும் உதிர்ந்த இடங்களை லென்ஸில் பாருங்கள். பச்சைக்கும் உலோகத்துக்கும் நடுவே எங்கும் மணல் நிறக் கோடு தெரிந்தால் தொடங்கலாம். உப்புத்தாளால் மட்டும் தேய்க்காதீர்கள். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கும், அதன் தூசி மூச்சில் போகக் கூடாது. வினிகரும் வேண்டாம், துத்தநாகத்தை அரிக்கும்.

கூரைத் தூண்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். வார்ப்பில் ஈயம் கலந்துவிட்டால் உலோகம் உள்ளுக்குள் அரித்து, வீங்கி, பொடியும். அதற்கு மருந்து கிடையாது. போருக்கு முந்தைய டிங்கிகளில் அது அதிகம், இந்தக் காலத்துக் காரில் அரிது.

பேஸ் பிளேட்டுக்கு நகல் தகரம் கிடைக்கும். ஒடிந்த கால்களின் நடுவில் 1.6 மி.மீ. துளை போட்டு எம்2 மரை, அதாவது 2 மி.மீ. திருகாணிக்கான மரை, வெட்டுங்கள். ஒரு சொட்டு எண்ணெய், அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. அவசரப்பட்டால் கால் பிளந்துவிடும். திருகாணி தெரிகிற மாதிரியே விடுங்கள். ரிவெட் போல மூடி மறைத்தால் அடுத்து வாங்குபவர் அது அசல் தகரம் என்று ஏமாறுவார்.

டர்பன்_பூவரசு:
லென்ஸில் பார்த்தேன். இடது பக்கம் மூன்று இடத்தில் மணல் நிறக் கோடு இருக்கிறது. வலது கதவில் பச்சைக்குக் கீழே நேரடியாக உலோகம். விரிசல் எங்கும் இல்லை. பச்சையைத் தொடவில்லை. தகரமும் டயரும் மட்டும் தேடுகிறேன்.