வன்னியிலிருந்து நகர வடிவமைப்புத் துறைக்குச் செல்வது: குடியிருப்புப் பெருந்திட்டம் வரைபவரின் வேலை உண்மையில் என்ன?

கேள்வி: பரந்தன் பொடியன்

வணக்கம். கிளிநொச்சி அறிவியல்நகரில் குடிசார் பொறியியல் படித்து முடித்து, இப்போது வவுனியாவில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் வீதி, வடிகால் வேலைகளுக்கு அளவுப் பட்டியல் தயாரிக்கின்றேன். வேலையைக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் ஒரு வரைபடம் எங்கள் மேசைக்கு வரும்போது வீதி எங்கே போகும், வீடுகள் எங்கே நிற்கும், பாடசாலைக்கு எந்தக் காணி என்பதெல்லாம் தீர்மானிக்கப்பட்டு முடிந்திருக்கும். பள்ளக்காணியில் வீட்டுத்திட்டத்தைப் போட்டுவிட்டு, மாரியில் முற்றத்தில் நிற்கும் தண்ணீரைக் கடத்துவதற்கு வடிகாலின் அகலத்தை மட்டும் கூட்டித் தருமாறு எங்களிடம் கேட்பார்கள். அந்தத் தீர்மானங்கள் எடுக்கப்படும் இடத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் நிலைபேறான குடியிருப்புகளுக்கான பெருந்திட்டமிடல் (ஒரு குடியிருப்பு முழுவதையும் சேர்த்துத் திட்டமிடும் மாஸ்டர் பிளான் வேலை) பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

கிடைப்பவையெல்லாம் கோபன்ஹேகனையும் சிங்கப்பூரையும் பற்றியவையாகவே இருக்கின்றன. இந்தத் துறையில் ஒருவர் நாளாந்தம் என்ன செய்கிறார், பொறியியல் பட்டத்தோடு உள்ளே வர முடியுமா, வந்தபின் வன்னியிலேயே இருந்து வேலை செய்ய இடமுண்டா, அல்லது விமானம் ஏறுவதுதான் வழியா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். அம்மா அரச வேலைக்கு விண்ணப்பிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பதில்: வவுனிக்குளத்தார்

தம்பிக்கு வணக்கம். அரச திட்டமிடல் சேவையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். அம்மா சொல்வதில் தவறில்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

காணிப்பயன்பாட்டையும் சட்டத்தையும் திட்டமிடலாளர் பார்க்கிறார், கட்டடத்தைக் கட்டடக்கலைஞர் பார்க்கிறார். இரண்டுக்கும் நடுவே கிடக்கின்ற வீதி, ஒழுங்கை, சந்தை முற்றம், நிழல், நடைபாதை, தண்ணீர் போகும் வழி ஆகியவை ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பதற்குப் பொறுப்பானவர் நகர வடிவமைப்பாளர். ஒரு குடியிருப்பின் பெருந்திட்டத்தில் அவர் முதலில் வரைவது வீடுகளை அல்ல. நிலத்தின் சரிவு, மண், நீரோட்டம், மரங்கள், காணி உரிமை ஆகியவற்றைத் தனித்தனிப் படலங்களாக வரைந்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, எதைத் தொடக்கூடாது என்பதை முதலில் குறிப்பார். ஸ்கொட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இயன் மக்ஹார்க் 1960களில் கண்ணாடித் தாள்களை அடுக்கிப் பரவலாக்கிய முறை இது. இன்று கியூஜிஸ் (QGIS) போன்ற இலவச வரைபட மென்பொருளில் அதையே செய்கிறோம். எஞ்சுகின்ற இடத்தில்தான் வீதி ஒழுங்கும், காணித் துண்டுகளும், எந்தக் கட்டத்தில் எது கட்டப்படும் என்ற வரிசையும் வரும்.

வன்னியில் இந்தப் படலங்களில் தண்ணீர்தான் முதலாவது. கிளிநொச்சி என்ற ஊரே குளத்தின் பிள்ளை. இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கி, அதன் கீழ் குடியேற்றங்கள் வந்து, அவற்றுக்குச் சந்தையாகவும் அலுவலகமாகவும் வளர்ந்ததே நகரம். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மேற்குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அது கீழ்க்குளத்துக்குப் போக வேண்டும், கீழ்க்குளம் நிரம்பினால் அடுத்த குளத்துக்கு. பங்குனியில் போய்ப் பார்க்கும் வடிவமைப்பாளரின் கண்ணுக்கு அந்தப் பாதை வெறும் புல்வெளி. அரச காணி, மேடு பள்ளம் அதிகமில்லை, பிரதான வீதிக்கும் கிட்ட என்று அதையே வீட்டுத்திட்டத்துக்குத் தெரிவு செய்வார்கள். உங்கள் மேசைக்கு வந்த வடிகால் கணக்கு அங்கிருந்து பிறந்ததாகத்தான் இருக்கும்.

இரண்டாவது படலம் காணி உரிமை. இங்கே பெரும்பாலான காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் இருப்பவை. உறுதிக் காணியைப் போல நினைத்தபடி துண்டாக்கவோ விற்கவோ முடியாது. இதை அறியாமல், வயலோரக் காணிகளைச் சேர்த்துப் பூங்கா என்று பச்சை நிறம் அடித்த வரைபடங்கள் கோப்புகளில் தூங்குகின்றன.

பற்றிக் கெடிஸ் என்ற பெயரைத் தேடிப் படியுங்கள். உயிரியலாளராகத் தொடங்கி நகரத் திட்டமிடலுக்கு வந்த அவர், 1914-15இல் மதராஸ் மாகாண ஊர்களைக் கால்நடையாகப் பார்த்து அறிக்கைகள் எழுதியவர். மலேரியாவைக் காரணம் காட்டிக் குளங்களைத் தூர்க்க நின்றவர்களோடு வாதிட்டு, குளத்தைத் துப்புரவாக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவர். 1921இல் கொழும்புக்கும் ஓர் அறிக்கை கொடுத்தார். ஊரை இடித்துப் புதிதாகக் கட்டாமல், தேவையான இடத்தில் மட்டும் கைவைப்பதே அவருடைய முறை. கோபன்ஹேகனை விட அவர் உங்களுக்குக் கிட்ட.

படிப்பைப் பொறுத்தவரை, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நகர, கிராமத் திட்டமிடலுக்குத் தனித் துறை உண்டு, கட்டடக்கலைத் துறையில் நகர வடிவமைப்பு முதுமாணியும் உண்டு. குடிசார் பொறியியலாளர்கள் திட்டமிடல் பக்கம் வருவது புதிதல்ல. எந்தக் கற்கைக்கு என்ன தகைமை என்பதை அந்தந்த ஆண்டின் அறிவித்தலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இலங்கை நகரத் திட்டமிடலாளர் நிறுவகத்தின் அங்கத்துவம்.

அரச வேலையில் நகர அபிவிருத்தி அதிகார சபை, தேசிய பௌதிகத் திட்டமிடல் திணைக்களம், உள்ளூராட்சி மன்றங்கள் என்று வாய்ப்புகள் உண்டு. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடத்துக்குத்தான் அதிகார சபை அபிவிருத்தித் திட்டம் தயாரிக்கும். அதற்கு வெளியே கட்டட அனுமதிகள் இன்றும் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டு நடக்கின்றன. சம்பளம் பெரிதல்ல, ஆனால் நீங்கள் தேடுகிற மேசை அங்கேதான் கிடக்கிறது.

பதில்: முள்ளியவளைக்காரி

ஐயா எழுதியதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். நான் கட்டடக்கலை படித்து, மீள்குடியேற்றக் காலத்தில் முல்லைத்தீவில் வேலை செய்து, இப்போது அபுதாபியில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் குடியிருப்புப் பெருந்திட்டங்கள் செய்கிறேன்.

வெளிநாட்டில் நாளாந்த வேலை எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். ஒரு திட்டத்தில் போக்குவரத்து, நீர், மின்சாரம், நிலத்தோற்றம், செலவு என்று பல துறையினர் இருப்பார்கள். ஒருவர் வீதியை அகலமாக்கச் சொல்வார், மற்றவர் அதே இடத்தில் மரம் கேட்பார், மூன்றாமவர் அடியில் குழாய் போக வேண்டும் என்பார். எல்லாவற்றையும் ஒரு குறுக்குவெட்டு வரைபடத்துக்குள் இணங்க வைப்பது நகர வடிவமைப்பாளரின் தலையில் விழும். உங்களுடைய வடிகால் அனுபவம் அங்கே பொன். அழகாகப் படம் போடுபவர்கள் நிறையப் பேர் உண்டு, நீர்மட்டத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

இங்கே மஸ்தார் நகரில் வெயிலைத் தவிர்க்க வீதிகளைத் தென்கிழக்கு-வடமேற்காகத் திருப்பி, ஒடுக்கமாக வைத்திருக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மருதும் வேம்பும் தானாக வளரும் வன்னிக்கு அந்த ஒடுக்கம் தேவையில்லை. திசை பார்க்கும் பழக்கத்தை எடுத்துக்கொண்டு, சோளகம் (தென்மேற்குக் காற்று) எந்தப் பக்கத்தால் வீட்டுக்குள் வரும் என்று கேட்டால் போதும். கட்டடங்களும் குடியிருப்புகளும் சூழலுக்கு எவ்வளவு ஏற்றவை என்று புள்ளியிடும் எஸ்திதாமா, லீட் போன்ற மதிப்பீட்டு முறைகளையும் கற்றுக்கொள்ளுங்கள், வேலைக்கு உதவும். வெள்ளம் வரும் நிலத்தைத் தவிர் என்று அவையும் சொல்லும். ஆனால் எது அந்த நிலம் என்பதை நீங்கள்தான் ஊரில் கேட்டு அறிய வேண்டும்.

சிறிய விடயம் ஒன்று, இதில்தான் நான் இந்தத் தொழிலைக் கற்றேன். கால் ஏக்கர்க் காணிகள் வரிசையாக இருக்கும் ஒரு குடியேற்றத்தை எடுங்கள். இருபது மீற்றர் முகப்பு, ஐம்பது மீற்றர் நீளம் என்று வையுங்கள். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் குறைந்தது 15 மீற்றர், அதாவது 50 அடி இடைவெளி வேண்டும். உங்கள் காணிக்குள் அதைக் கடைப்பிடிப்பது சுலபம். ஆனால் நீங்கள் கிணற்றை முன்னுக்கும் பக்கத்து வீட்டார் குழியை முன்னுக்கும் வைத்தால், வேலிக்கு இப்பாலும் அப்பாலுமாக இரண்டுக்கும் நடுவே சில மீற்றர்தான் மிஞ்சும். வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் தன் அளவில் சரியாகவே செய்திருப்பார், ஆனாலும் கிணறு கெட்டுவிடும். பெருந்திட்டத்தில் ஒரே ஒரு கோட்டை இழுத்து, எல்லாக் கிணறுகளும் வீதிப்பக்கம், எல்லாக் குழிகளும் பின்பக்கம், பின்காணியின் குழிகளும் அதே முதுகெல்லையில் என்று வைத்தால் முடிந்தது. செலவு ஒரு சதமும் இல்லை. ஆனால் வீடு கட்டத் தொடங்கிய பிறகு அந்தக் கோட்டை யாராலும் இழுக்க முடியாது.

மழைநீரும் அப்படித்தான். ஒரு சதுர மீற்றர்க் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். போருக்குப் பின் இந்திய அரசின் உதவியில் வந்த வீட்டுத்திட்டத்தின் 550 சதுர அடி வீட்டுக்கு ஏறத்தாழ 50 சதுர மீற்றர்க் கூரை என்று கொண்டால், 100 மில்லிமீற்றர் மழையில் 5,000 லீற்றர் கூரையிலிருந்து இறங்குகிறது. அதைத் தொட்டியில் பிடிப்பதா, கிணற்றடியில் இறக்குவதா, ஒழுங்கையில் விட்டுப் பக்கத்து வீட்டாரோடு சண்டை பிடிப்பதா என்பதும் திட்டத்தில் முதலே தீர்க்கப்பட வேண்டியது. அந்த வீட்டுத்திட்டத்தில் பயனாளிகளே 550,000 ரூபாய் உதவியோடு கட்டினார்கள், வீடுகள் எழும்பின. வீடுகளுக்கு நடுவில் உள்ளதை யார் வரைவது என்ற கேள்வி பல இடங்களில் யாருக்கும் சொந்தமாகவில்லை.

வெளிநாடு போகலாமா என்றால், போகலாம். ஆனால் முதலில் ஊரில் ஒரு மாரியையும் ஒரு கோடையையும் இந்தக் கண்ணோடு பார்த்துவிட்டுப் போங்கள்.

பதில்: வட்டக்கச்சி கமக்காரன்

படித்தவர்கள் பேசும் இடத்தில் நான் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கமக்காரர் அமைப்பில் இருப்பவன் என்ற முறையில் ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டு பேரும் படலம், கோடு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படலங்களை எங்களிடம் எப்போது காட்டுவீர்கள் என்பதை யாரும் எழுதவில்லை. இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டு போகும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு 2010இல் வந்தபோது, குடிக்கத் தண்ணீர் கொடுக்க மாட்டோம் என்று விவசாயி சொன்னதாக வெளியே கதை போனது. எங்களுடைய கேள்வி வேறு: சிறுபோகத்துக்கே (கோடைப் பயிருக்கே) எல்லா வயலுக்கும் தண்ணீர் போதாத குளத்தில், பற்றாக்குறை வரும் ஆண்டில் யாருடைய பங்கு முதலில் வெட்டப்படும்? அதற்கு மறுமொழி வரைபடத்தில் இருக்கவில்லை. கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை கட்டி 2024இல் திறந்தார்கள். முதலே எங்களோடு இருந்து பேசியிருந்தால் எத்தனை ஆண்டுகள் மிச்சம்.

2018 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எந்த வழியால் போனது என்பதைக் குளத்துக்குக் கீழே இருக்கும் வயதானவர்களிடம் கேட்டால் மதகு மதகாகச் சொல்வார்கள். எந்த மதகு கிரவல் போட்டு மூடப்பட்டது, யார் வேலியை வாய்க்காலுக்குள் தள்ளினார் என்பது வரைக்கும் தெரியும். பெயரைச் சொல்லமாட்டார்கள், இடத்தைக் காட்டுவார்கள்.

தம்பி இந்தத் துறைக்கு வந்தால், கணினிக்கு முன்னால் இருக்க முதல் ஒரு பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் வந்து பின்வரிசையில் இருக்க வேண்டும். இந்தப் போகத்துக்கு எத்தனை ஏக்கர், எந்தத் திகதியில் துருசு (குளத்து நீர்க்கதவு) திறப்பது, மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது என்று ஒரு பிரதேசத்தின் காணிப்பயன்பாடு அங்கே சத்தம் போட்டுத் தீர்மானிக்கப்படுகிறது.

மறுமொழி: பரந்தன் பொடியன்

மூவருக்கும் நன்றி. வட்டக்கச்சி ஐயா சொன்ன கூட்டத்துக்கு வருவேன். வவுனிக்குளத்து ஐயாவிடம் இன்னொரு கேள்வி: முதுமாணிக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது வடிவமைப்புத் தொகுப்பு ஒன்று கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது அளவுப் பட்டியல்களும் மதகு வரைபடங்களும்தான். எதை வைத்துத் தொடங்குவது?

பதில்: வவுனிக்குளத்தார்

முதலில், கமக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. சட்டப்படி திட்டம் தயாரித்து முடித்த பிறகு பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபனை கேட்பது என்ற ஒழுங்கில்தான் எங்கள் தலைமுறை பழகியது. அதற்குள் வரைபவருக்குத் தன் வரைபடத்தின் மேல் பாசம் வந்துவிடும். ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில், பிரெஞ்சுப் படையினர் 1990களின் தொடக்கத்தில் விட்டுச் சென்ற முகாம் நிலத்தில் வௌபான் குடியிருப்பைத் திட்டமிட்டபோது, அங்கே குடிவர இருந்தவர்களையே ஆரம்பத்திலிருந்து பேச்சில் சேர்த்தார்கள். வாகனத் தரிப்பிடத்தை ஓரத்துக்குத் தள்ளுவது போன்ற கடினமான முடிவுகள் அதனால்தான் நின்றுபிடித்தன. முகாம் நிலம் குடியிருப்பாவது பற்றி வன்னி வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

தொகுப்புக்கு வருகிறேன். மதகு வரைபடங்களை மறைக்க வேண்டாம், அவையே உங்களை மற்ற விண்ணப்பதாரிகளிடமிருந்து பிரித்துக் காட்டும். அவற்றோடு சொந்தமாக ஒரு வேலை செய்யுங்கள். கிளிநொச்சியில் ஏ-9 வீதியில் கரடிப்போக்குச் சந்தியிலிருந்து டிப்போச் சந்தி வரையான பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கி, கடை, அலுவலகம் எல்லாமே ஒரே வீதியில் முகம் வைத்து நிற்பதால், பாடசாலைப் பிள்ளையும் பாரவூர்தியும் ஒரே ஓரத்தில் போகும் நிலை. அதற்குப் பின்னால் ஒரு சமாந்தர உள்வீதியை எந்த ஒழுங்கைகளை இணைத்து உருவாக்கலாம், அப்படி இணைக்கும்போது எந்த வாய்க்காலைக் கடக்க வேண்டும், அங்கே மதகின் அளவு என்ன, நடந்து போகும் ஒருவருக்கு ஐந்து நிமிடத்தில், ஏறத்தாழ 400 மீற்றருக்குள், என்னென்ன கிடைக்கும் என்பதை நான்கு ஐந்து தாள்களில் வரையுங்கள். ஒரு தாள் மாரிக்கும் ஒரு தாள் கோடைக்கும் ஒதுக்குங்கள். மரங்களைப் பெயரோடு குறியுங்கள்.

காணி உரிமைத் தாளுக்குப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போக வேண்டிவரும். பணிநாளில் காலை எட்டரைக்கே போய்விடுங்கள், மதியத்துக்குப் பின் உத்தியோகத்தர்கள் வெளிக்களத்தில் நிற்பார்கள். வரைந்து முடித்ததும் இங்கே பதிவிடுங்கள், பார்த்துக் குறிப்பு எழுதுகிறேன்.