தேய்ச்சு மினுக்கின போல்டு எல்லாம் ரெண்டே நாள்ல துரு! அவசரம், உதவுங்க

மூடுபனி125
எஞ்சினைக் கழட்டி போல்டு, நட்டு, பிராக்கெட்டு எல்லாத்தையும் வயர் பிரஷ்ல அடிச்சு, சாண்ட் பேப்பர் போட்டு, கண்ணாடி மாதிரி மினுக்கி வச்சேன். வியாழக்கிழமை ராத்திரி முடிச்சேன். சனிக்கிழமை காலையில டின்னைத் திறந்தா எல்லாத்து மேலயும் செம்மண் தூவின மாதிரி துரு. மூணு நாள் வேலைங்க. அப்பாவோட பைக்கு, தீபாவளிக்கு முன்னால ஓட வைக்கணும். திரும்பத் தேய்க்காம துரு போக என்ன வழி? என்ன பூசினா திரும்ப வராது? சீக்கிரம் சொல்லுங்க.

பதுளை ரைடர்
டபிள்யூடி-40 அடிச்சு விடுங்க தம்பி, அவ்வளவுதான். நான் வருசக்கணக்கா அதைத்தான் அடிக்கிறேன். ஒரு போல்டுல துரு பார்த்ததில்ல.

கொட்டகலை கராஜ்
தம்பி, என்ன பைக்குனு சொல்லவே இல்லையே. எந்த ஊரு? துருவை முதல்ல எதுல ஊற வச்சீங்க, இல்ல வெறுமனே தேய்ச்சீங்களா? டின்னுல எப்படி வச்சீங்க? போல்டு தலையில என்ன நம்பர் இருக்கு? இதெல்லாம் தெரியாம எதைச் சொன்னாலும் குருட்டு வைத்தியம்.

ஸ்டோர் பிட்டர்
மாசத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றாங்க. பழைய இழைகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்ல. நான் முப்பத்தோரு வருசம் தேயிலை ஸ்டோர்ல, அதாவது கொழுந்தைத் தூளாக்குற ஃபேக்டரியில, பிட்டர் வேலை பார்த்தவன், திரும்ப ஒருக்கா சொல்றேன், கேட்டுக்கங்க.

புது போல்டு மேல மங்கலா வெள்ளையாவோ மஞ்சளாவோ இருக்குமே, அது அழுக்கு இல்ல. நாகப் பூச்சு, அதாவது துத்தநாகம் (ஜிங்க்). 5-லேர்ந்து 8 மைக்ரோன் கனம்தான் வரும். நீங்க வயர் பிரஷை வச்சு அதைத்தான் சுரண்டி எறிஞ்சிருக்கீங்க. உள்ள இருந்த வெறும் உருக்கு வெளிய வந்து மினுங்குது. வெறும் உருக்கை இந்த மூடுபனியில வச்சா துரு பிடிக்காம என்ன செய்யும்? மினுக்குறதுக்கு முன்னால எதை மினுக்கணும்னு தெரிஞ்சிருக்கணும். எஞ்சின் கவர் அலுமினியம், அதை மினுக்குங்க. போல்டை விடுங்க.

இரசாயனம் டீச்சர்
பிட்டர் ஐயா சொன்னது சரி. பிள்ளை விளங்கிக்கொள்ள கொஞ்சம் சேர்த்துச் சொல்றேன். நாகம் வெறும் மூடி மட்டும் இல்லை. இரும்பை விட முன்னால தான் கரைஞ்சு இரும்பைக் காப்பாத்தும். அதனாலதான் பூச்சுல சின்னக் கீறல் விழுந்தாலும் அந்த இடம் உடனே துருப்பிடிக்காது. முழுசா எடுத்துட்டா அந்தக் காவல் போயிடும்.

காத்துல ஈரப்பதம் சுமார் 60 வீதத்தைத் தாண்டினாலே வெறும் இரும்புல துரு வேகமாகும். நம்ம பக்கம் மழைக் காலத்துல அது நாள் முழுக்க 60-க்கு மேலதான். ராத்திரி குளிர்ல இரும்பும் குளிர்ந்து போய் இருக்கும். விடிஞ்சு ஈரக் காத்து உள்ள வந்ததும் கண்ணுக்குத் தெரியாத பனி அது மேல படியும். மழையில நனையவே வேண்டியதில்லை.

டிக்கோயா சாயம்
யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். தேயிலைச் சாயம்! டஸ்ட் தேயிலையை நல்லாக் கொதிக்க வச்சு, கறுப்பா இறக்கி, துருப்பிடிச்ச போல்டை ஒரு ராத்திரி அதுல ஊறப் போடுங்க. சிவப்புத் துரு கறுப்பா மாறிடும். தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி கறுத்துப் போறதைப் பார்த்ததில்லையா? அதே வேலைதான். எங்க லயத்துல கதவுக் கொண்டியெல்லாம் இப்படித்தான் செஞ்சு வச்சிருக்கேன்.

ஸ்டோர் பிட்டர்
தேத்தண்ணியில போல்டு கழுவுற காலம் வந்திருச்சு. ஸ்டோர்ல கொழுந்தை உருட்டுற ரோலிங் ரூம்ல, கொழுந்துச் சாறு பட்ட இரும்பு என்ன கதி ஆகும்னு நான் பார்த்திருக்கேன். சாயம் இரும்பைத் தின்னும்.

இரசாயனம் டீச்சர்
ஐயா, இதுல டிக்கோயா சொல்றதுல உண்மை இருக்கு. தேயிலையில இருக்கிற துவர்ப்புப் பொருள் துருவோட சேர்ந்து கரையாத கறுப்பாகும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து அந்தக் காலத்துல மை காய்ச்சினாங்களே, அதுவும் இதே வினைதான். கடையில விக்கிற துரு மாத்தி சிலதுல டனின் அமிலம் இருக்கு, சிலதுல பொஸ்போரிக் அமிலம். ஆனா சாயம் ரொம்ப மெல்லிசான படலம்தான் தரும். அது மேல எண்ணெயோ மெழுகோ ஏத்தாட்டி நிக்காது. பளபளப்பும் போயிடும். நீங்க பார்த்ததும் சரிதான். கொழுந்துச் சாறு நாள் கணக்கா ஈரமா ஒட்டிக் கிடந்தா இரும்பு கெடத்தான் செய்யும். ஊற வச்சு, கழுவி, உடனே காய வைக்கிறது வேற.

மூடுபனி125
மன்னிக்கணும், வேலைக்குப் போயிட்டேன். பைக் ஹொண்டா சிடி125, ரெட்டை சிலிண்டர். ஊரு மஸ்கெலியா பக்கம். துரு போக டொய்லட் கழுவுற ஆசிட்ல ராத்திரி முழுக்க ஊற வச்சேன். காலையில தண்ணியில அலசி, துடைச்சு, தேய்ச்சு, பேப்பர்ல சுத்தி பிஸ்கட் டின்ல வச்சேன். டின்னு குசினிக்குப் பக்கத்து அறையில இருக்கு, ஆசிட் போத்தலும் அங்கதான். தலையில நம்பர் எல்லாத்துலயும் இல்ல. முன்னாடி யாரோ மாத்திப் போட்ட அலன்கீ போல்டு ரெண்டுல மட்டும் 12.9னு இருக்கு.

கொட்டகலை கராஜ்
இதைத்தான் தம்பி முதல்லயே கேட்டேன். பாதி பதில் இதுலயே இருக்கு.

அந்த ஆசிட் உப்பு அமிலம். தண்ணியில ஒரு தடவை அலசினா மரையோட (போல்டைச் சுத்தி வர்ற திருகு வரி) அடியில இருக்கிறது போகாது. போத்தல் மூடி சரியா இறுகாட்டி அதோட ஆவியே போதும், அறையில இருக்கிற ஸ்பேனர், ஸ்க்ரூ ட்ரைவர் எல்லாத்தையும் சிவப்பாக்கிடும். என் கராஜ்ல ஒருக்கா அப்படி ஒரு பெட்டி சாமானே போச்சு. அப்புறம் பத்திரிகைப் பேப்பர். அது ஈரத்தை இழுத்து இரும்போட ஒட்டி வச்சுக்கும். பேப்பர் மடிப்பு பட்ட இடத்துல துரு கோடு கோடாத்தான் இருக்கும், எடுத்துப் பாருங்க.

மூடுபனி125
ஆமாண்ணே, கோடு கோடாத்தான் இருக்கு.

இரசாயனம் டீச்சர்
போத்தலை இன்னைக்கே வெளிய வைங்க. ப்ளீச் மாதிரி எதோடயும் அதைக் கலந்துடாதீங்க, நச்சுக் காத்து வரும். போல்டை எல்லாம் அப்பச் சோடா கரைச்ச சுடுதண்ணியில போட்டு, பழைய பல் பிரஷால மரைக்குள்ள தேய்ச்சுக் கழுவுங்க. பிறகு வெறும் சுடுதண்ணியில அலசுங்க. இரும்பு சூடா இருக்கும்போதே துடைச்சா மிச்ச ஈரமும் தானாக் காயும்.

ஒண்ணு முக்கியம். அந்த 12.9 போல்டு ரெண்டையும் திரும்பப் போடாதீங்க. அந்த நம்பர் ரொம்பக் கடினமான உருக்குனு காட்டுது. அப்படி உருக்கு ஆசிட்ல ஊறினா அதுக்குள்ள ஹைதரசன் புகுந்துக்கும். பார்க்க ஒண்ணும் தெரியாது, இறுக்கி ரெண்டு நாள் கழிச்சுப் பட்டுனு முறியலாம். சுருள்வில் எதையும் ஆசிட்ல போட்டிருந்தா அதுவும் அப்படித்தான். சாதாரண போல்டுக்கு இந்தப் பயம் இல்லை. அடுத்த தடவை வினாகிரி போதும். ராத்திரி முழுக்க வேண்டாம், மணிக்கொரு தடவை எடுத்துப் பாருங்க.

பதுளை ரைடர்
இவ்வளவு எதுக்கு? நான் ஆசிட்ல கழுவிட்டு டபிள்யூடி-40 அடிச்சு வைக்கிறேன், ஒண்ணும் ஆனதில்ல. சிலர் சும்மா பயமுறுத்துறாங்க.

ஸ்டோர் பிட்டர்
நீங்க எங்க இருந்து பேசுறீங்க? பதுளையில இருந்து. இப்ப கச்சான் காத்து, தென்மேற்குப் பருவக்காத்து அடிக்குது. மழையெல்லாம் மஸ்கெலியா, நோர்வுட், ஹட்டன்ல கொட்டிட்டு வெறும் காத்துதான் மலையைத் தாண்டி உங்க பக்கம் வருது. அந்தக் காஞ்ச காத்துலதான் ஜூலையில இருந்து செப்டெம்பர் வரைக்கும் உங்க ஊவா தேயிலைக்கு அந்த வாசமே ஏறுது. எங்க திம்புளைப் பக்கத்துக்கு அது ஜனவரி, பெப்ரவரி, மார்ச்சுலதான். தேயிலைக்கே பக்கத்துக்குப் பக்கம் காலம் மாறும்போது இரும்புக்கு மாறாதா?

பதுளை ரைடர்
எங்களுக்கும் மழை உண்டு ஐயா. ஒக்டோபர்ல தொடங்கினா ஜனவரி வரைக்கும் விடாது. அப்பவும் என் பைக் நல்லாத்தான் இருக்கு.

ஸ்டோர் பிட்டர்
ஓடுற பைக் வேற, கழட்டி வச்ச போல்டு வேற. ஓடுற எஞ்சின் தன் சூட்டுலயே காயும். ஸ்டோர்லயே பாருங்க. ட்ரையர் பக்கத்துல தொங்குற ஸ்பேனர் வருசக்கணக்கா அப்படியே இருக்கும். ரோலிங் ரூம்ல வேணும்னே ஈரத்தைக் கூட்டி வைப்பாங்க, அங்க மறந்து வச்ச ஸ்பேனர் ஒரு வாரம் தாங்காது. ஒரே கூரைதான், ஒரே இரும்புதான்.

கொட்டகலை கராஜ்
பிட்டர் அண்ணே, இது நல்ல விளக்கம். டபிள்யூடி-40 பத்தி ஒரு வார்த்தை. அது தண்ணியை விரட்ட 1953-ல செஞ்சது, 40-ஆவது தடவை கலந்த கலவைதான் சரியா வந்ததுன்னு அந்தப் பேரு. கழுவின உடனே மரைக்குள்ள இருக்கிற ஈரத்தை வெளியேத்த அருமையான சாமான். ஆனா அது விட்டுட்டுப் போற படலம் மெல்லிசு. மஸ்கெலியா மழைக்கு மாசக்கணக்குல நிக்காது.

ஹப்புத்தளை காத்து
தேங்காய் எண்ணெய் பூசலாமா? எங்க வீட்டுக் கத்திக்கு அதைத்தான் பூசுவோம்.

இரசாயனம் டீச்சர்
தினம் எடுத்துத் துடைக்கிற கத்திக்குச் சரி. வச்சு மறக்கிற இரும்புக்கு வேண்டாம். நாளானா சிக்கு வாடை வரும், எண்ணெய்ல அமிலம் கூடும். இன்னொண்ணு, அது 24 பாகைக்குக் கீழ உறைஞ்சுடும். நம்ம பக்கம் விடியற்காலையில போத்தல்ல வெள்ளையாக் கட்டி நிக்குமே. பூசும்போது சூடாக்காட்டி திட்டுத்திட்டாத்தான் ஒட்டும்.

டிக்கோயா சாயம்
எஞ்சினிலிருந்து வடிச்ச பழைய ஒயில் பூசலாம்னு சொல்வாங்க, அதையும் செய்யாதீங்க. எரிஞ்ச புகையோட அமிலமும் தண்ணியும் அதுல கலந்திருக்கும். சாயத்துல கறுப்பாக்கிட்டு மெழுகு ஏத்துங்க. நான் செய்றது இதுதான்: ஒரு மெழுகுவர்த்தியைச் சீவி டர்பன்டைன்ல போடணும். சட்டியில தண்ணியைக் கொதிக்க வச்சு, அடுப்புல இருந்து இறக்கி வெளிய கொண்டுபோய், அதுக்குள்ள அந்தப் பாத்திரத்தை வச்சுக் கரைக்கணும். நெருப்புப் பக்கத்துல கூடவே கூடாது, பத்திக்கும். போல்டு சூடா இருக்கும்போது துணியால தடவினா மரைக்குள்ள இழுத்துக்கும். ஆறினதும் மிச்சத்தைத் துடைச்சிடுங்க.

கொட்டகலை கராஜ்
மெழுகுக்கு என் ஓட்டும் உண்டு. சைலன்சர் நட்டுக்கு மட்டும் வேண்டாம், எரிஞ்சு போகும். அதுக்குச் செப்புக் கிரீஸ் போடுங்க. பளபளன்னே வேணும்னா எஞ்சின் கவர் போல்டுக்கு ஸ்டெயின்லெஸ் வாங்கலாம். ஆனா அலுமினியத்துல ஸ்டெயின்லெஸை வெறுசா முடுக்காதீங்க, நாளானா இறுகிப் பிடிச்சு மரையோட பிடுங்கிட்டு வரும். மரையில கிரீஸ் தொட்டுக்கங்க. 6 மில்லி போல்டை முடுக்க 10 நியூட்டன் மீட்டர் போதும், கிரீஸ் இருந்தா அதையும் விடக் கொஞ்சம் குறைவா. பழைய முகமே வேணும்னா எல்லாத்தையும் சேர்த்துக் கொழும்புக்கு அனுப்பி நாகம் ஏத்துறதுதான் நிரந்தர வழி.

அதை விடுங்க. எனக்கு வேற பயம். எஞ்சினைக் கழட்டினேன்னு சொன்னீங்களே, சிலிண்டருக்கு மேல மூடியிருக்கிற ஹெட்டும் கழட்டியாச்சா? சிலிண்டர் எங்க இருக்கு? உள்ள பிஸ்டன் ஓடுற லைனர் வார்ப்பிரும்பு. அதே அறையில அதே ஆசிட் ஆவியில திறந்து கிடந்தா போல்டுக்கு வந்தது அதுக்கும் வரும். போல்டு போனா வாங்கலாம். அதை இன்னைக்கே பாருங்க.

ஸ்டோர் பிட்டர்
நல்ல கேள்வி. நான் கேட்டிருக்கணும்.

இரசாயனம் டீச்சர்
பிள்ளை, பார்த்தீங்களா?

கொட்டகலை கராஜ்
நாலு நாள் ஆச்சு. தம்பி, சிலிண்டர்ல லேசாத் துரு இருந்தா சாண்ட் பேப்பரை மேலயும் கீழயும் இழுத்துடாதீங்க. புது எஞ்சின் ஒயில் தொட்ட துணியால துடைங்க. விரல் நகத்துல குழி தட்டுப்பட்டா அப்படியே கட்டி எடுத்துட்டு வாங்க. ஹோன் போட்டு உள் சுவரை லேசா உரசினா போதுமா, போர் பண்ணி துளையைப் பெருசாக்கணுமான்னு அளந்து பார்ப்போம்.

ஸ்டோர் பிட்டர்
கேட்டுட்டுப் போயிடுறாங்க. பரவாயில்ல, அடுத்து வர்றவங்களுக்கு இது இருக்கட்டும். டிக்கோயா, அந்த மெழுகு எவ்வளவு நாள் நிக்குது? என் தோட்டத்துக் கத்தரிக்கோலுக்குப் போட்டுப் பார்க்கணும்.

டிக்கோயா சாயம்
மழைக் காலத்துல மாசம் ஒருக்கா துடைச்சுப் பூசுறேன் ஐயா. உள்ள வைக்கிற சாமானுக்கு அதை விடக் கூட நிக்கும்.

மூடுபனி125
சிக்னல் இல்லாம போச்சு, மன்னிச்சிடுங்க. சிலிண்டர்ல ஒரு பக்கம் லேசாச் சிவந்திருந்துச்சு. ஒயில் துணியில துடைச்சதும் போயிருச்சு, நகத்துல ஒண்ணும் தட்டல. ஒயில் பூசி, பிளாஸ்டிக் பையில இறுக்கிக் கட்டி அம்மாவோட அலுமாரியில வச்சிட்டேன். ஆசிட் போத்தல் வெளிய போயாச்சு. 12.9 ரெண்டும் புதுசு வாங்கிட்டேன். மிச்சத்தை சோடாவுல கழுவி, சாயத்துல போட்டு, மெழுகு தடவினேன். கறுப்பாத்தான் இருக்கு. அஞ்சு நாளா மழை, இன்னும் சிவக்கல. கொட்டகலை அண்ணே, ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருப்பீங்களா? சிலிண்டரைக் கொண்டு வந்து காட்டுறேன்.

கொட்டகலை கராஜ்
பகல் வரைக்கும் இருப்பேன். பிஸ்டனையும் எடுத்துட்டு வாங்க.