பேரன்களைப் பார்க்க வந்த அப்பா அம்மா 11ஆவது நாளே ஊருக்குக் கிளம்புகிறோம் என்கிறார்கள். டிக்கெட்டை மாற்றலாமா?

புதுக்குடித்தனம்:
வணக்கம். இரவு ஒன்றரை மணிக்கு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இங்கே குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. அப்பாவும் அம்மாவும் பேரன்களோடு மூன்று மாதம் இருப்பதாக வந்தார்கள். இன்று 11ஆவது நாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா திடீரென்று, "டிக்கெட்டை முன்னால் மாற்றிவிடு, நாங்கள் கிளம்புகிறோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அம்மா அழுகிறார். காரணம் கேட்டால் இருவருமே வாய் திறக்கவில்லை. இரண்டு வார இறுதியும் அருங்காட்சியகம், கடற்கரை, மலை உச்சி என்று காரில் அழைத்துப் போனேன். அப்பா எதிலும் ஒட்டவில்லை. சின்னவன் ஓடி வந்து கதை சொன்னால்கூடத் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். நாளை மதியத்துக்குள் விமானக் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். மாற்றட்டுமா, வேண்டாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இரண்டு குளிர்காலம் கண்டவள்:
தம்பி, அவசரப்பட்டு மாற்றாதீர்கள். 11 நாள் ஒரு கணக்கே இல்லை. நான் வந்த புதிதில் முதல் மூன்று மாதம் எப்படிப் போயிற்று என்று எனக்குத்தான் தெரியும். நான்கு மணிக்கே இருட்டிவிடும். கணவர் வேலையிலிருந்து வரும்வரை பேச ஆள் கிடையாது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதிருக்கிறேன். ஒருநாள் துணி துவைக்கும் அறையில் ஒரு மூதாட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன். உங்கள் அம்மாவுக்கும் அப்படி ஒரு முகம் வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் நடந்துவரச் சொல்லுங்கள். எதிரே வருகிறவர்களும் அதே ஆட்களாக இருப்பார்கள். நாலு நாளில் தலையசைப்பு வரும், பத்து நாளில் புன்னகை வரும். மலை உச்சியில் இது கிடைக்காது.

பெட்டி கட்டியவர்:
அக்கா மன்னிக்க வேண்டும், நான் வேறு மாதிரி நினைக்கிறேன். மாற்றிவிடுங்கள். பெரியவர்கள் வாய்விட்டு ஒன்று கேட்பதே அரிது. என் தகப்பனார் இதே போலக் கேட்டபோது, "இரண்டு வாரம் பொறுங்கள், பழகிவிடும்" என்று நான் சொன்னேன். பொறுத்துக்கொண்டார், பழகவில்லை. ஊருக்குப் போன பிறகு என்னிடம் எதையும் கேட்பதையே விட்டுவிட்டார். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது. அடுத்த முறை அவர்களாக விரும்பி வர வேண்டுமென்றால், இந்த முறை அவர்கள் சொன்ன நாளில் அனுப்பிவையுங்கள்.

கரையோரம்:
எந்த நாடு என்று நீங்கள் சொல்லவில்லை. அப்பாவின் வயது, பிள்ளைகளின் வயது, பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதும் இல்லை. இதெல்லாம் தெரியாமல் டிக்கெட்டைப் பற்றி நான் சொல்ல மாட்டேன். வெளியே அழைத்துப் போனதாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றிச் சொல்கிறேன்.

நானும் சுற்றிக் காட்டுவதுதான் உபசாரம் என்று இருந்தவன். என் அப்பா எல்லா இடத்துக்கும் வந்தார், எல்லாப் படத்திலும் நின்றார், ஒன்றிலும் சிரிக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மகளின் பென்சில் துருவி உடைந்துபோயிற்று. "இங்கே கொடு" என்று வாங்கிக்கொண்டார். சவரப் பிளேடை இரு விரலுக்கு நடுவில் பிடித்து, பென்சிலை மெல்லச் சுழற்றி, மரச்சீவல் அறுபடாமல் சுருள் சுருளாக விழும்படி சீவினார். கரிமுனையைக் காகிதத்தில் சாய்த்துத் தேய்த்து ஊசி போல ஆக்கினார். மகள் கண்ணை எடுக்கவில்லை. அப்போதுதான் சொன்னார்: அவருக்கும் பெரியப்பாவுக்கும் சேர்த்து ஒரே பென்சில்தான் வாங்குவார்களாம். தாத்தா அதைச் சரிபாதியாக நறுக்கிக் கொடுப்பார். பின்பாதி யாருக்கு என்று தினமும் சண்டை, ஏனென்றால் பொன்னெழுத்து அதில்தான் இருக்கும். இத்தனை வருஷம் அவருக்குப் பிள்ளையாக இருந்தும் இந்தக் கதை என் காதில் விழுந்ததில்லை. மறுநாள் காலை, வீட்டிலிருந்த அத்தனை பென்சிலும் சீவி வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன.

ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963இல் ஒரு கட்டுரை எழுதினார். முதியவர்கள் பழையதையே நினைத்துக்கொண்டிருப்பது மூளைத் தளர்ச்சியின் அடையாளம் அல்ல, தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துச் சீர்செய்துகொள்ளும் இயல்பான வேலை என்பது அதன் சாரம். 10 வயதிலிருந்து 30 வயதுவரை நடந்தவைதான் அதிகமாக நினைவில் எழும் என்று நினைவாற்றலை ஆராய்பவர்கள் சொல்கிறார்கள். ஆனால் "உங்கள் சின்ன வயதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் ஒன்றும் வராது. கையில் ஒரு பொருள் வேண்டும்: நூல் கோக்க ஓர் ஊசி, சங்கிலி கழன்ற ஒரு சைக்கிள், பிரிந்துபோன ஒரு முடிச்சு. கேட்பதும் பேரப்பிள்ளையாக இருக்க வேண்டும். நாம் கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள்.

மேல்மாடி வீடு:
படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் பகல் முழுக்க வீட்டில் யார் இருப்பது? என் அம்மா வந்தபோது வருஷ விடுமுறை மொத்தத்தையும் எடுத்தேன். பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தபோது எடுக்க ஒரு நாள் மிச்சமில்லை. ஊரில் இருக்கும் தம்பியோ தினமும் போன் செய்து, "அம்மா இளைத்துவிட்டார்களே" என்பான். பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது.

பெட்டி கட்டியவர்:
எங்கள் வீட்டிலும் அதேதான். ஊர்ப் போன் வந்தாலே மனம் கலைந்துவிடும். வாரத்துக்கு ஒரு முறை பேசினால் போதும் என்பேன்.

இரண்டு குளிர்காலம் கண்டவள்:
அப்படிச் சொல்லாதீர்கள். என் மாமியாருக்கு அந்தத் தினசரி வீடியோ அழைப்புதான் உயிர். அதை நிறுத்தச் சொல்ல நமக்கு என்ன உரிமை? விடுமுறை விஷயத்தில் மட்டும் நீங்கள் எல்லோரும் சொல்வது உண்மை. என் மேலாளர் ஒரு நாள் தரவே மூன்று முறை காரணம் கேட்டார். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

இரவுப்பணி:
விடுமுறையைப் பற்றிப் பிறகு பேசுவோம், கேட்டவருக்கு நாளை மதியம் கெடு. நான் முதியோர் வார்டில் வேலை செய்கிறேன். வயதானவர் ஒருவர் திடீரென்று ஒதுங்கிப்போனால், மனக்குறை என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் உடம்பைப் பாருங்கள்.

முதலில் தூக்கம். இரு நாட்டு நேரத்துக்கும் இடையே ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு, உடம்பு பழக ஏறக்குறைய ஒரு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கிழக்கு நோக்கி வந்திருந்தால் இன்னும் சிரமம். காலையில் வெளிச்சத்தில் நடக்க விடுங்கள், பிற்பகலில் நீண்ட உறக்கம் வேண்டாம். அடுத்து மருந்து. நேரம் மாறியதில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் குழம்பியிருக்கின்றனவா என்று உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். இன்சுலின் என்றால் நேரத்தை நீங்களாக மாற்றாமல் மருத்துவரிடம் கேளுங்கள். மருந்துப் பெயரும் நாட்டுக்கு நாடு மாறும். பாரசிட்டமாலுக்குச் சில நாடுகளில் அசிட்டமினோஃபென் என்று பெயர். கூடவே பயணக் காப்பீட்டை எடுத்து, ஏற்கெனவே உள்ள நோய்கள் அதில் அடங்குமா என்று படியுங்கள்.

டிக்கெட்டைப் பற்றி ஒன்று. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. குறுகிய காலத்துக்குள் மறுபடி பறந்தால் அது இன்னும் கூடும். வந்து இரண்டு வாரம்கூட ஆகாத ஒருவரை உடனே ஏற்றிவிட வேண்டிய அவசரம் என்ன என்று யோசியுங்கள். போவது என்றே முடிவானால், முகவர் மூலம் எடுத்த டிக்கெட்டை முகவர்தான் மாற்ற வேண்டியிருக்கும். சக்கர நாற்காலிக்கும் புதிதாகச் சொல்லிவையுங்கள்.

கடைசியாக, நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. பேரன் கதை சொன்னால் வெறுமனே தலையாட்டுகிறார் என்றீர்கள். அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கிறதா?

புதுக்குடித்தனம்:
அக்கா, கை நடுங்குகிறது. அப்பாவுக்கு 74 வயது. இரண்டு காதிலும் கருவி போட்டிருக்கிறார். போட்டிருக்கிறாரே என்பதால்தான் எழுதத் தோன்றவில்லை. உங்கள் கேள்வியைப் படித்ததும் அம்மாவைத் தனியாக அழைத்துக் கேட்டேன். ஐந்தாம் நாளே பேட்டரி தீர்ந்துவிட்டதாம். ஊரில் வாங்கிவைத்த பேட்டரி அட்டை வழியில் எங்கோ தவறிவிட்டது. "இப்போதுதான் குடித்தனம் போட்டிருக்கிறான், இதற்கு வேறு செலவு வைக்காதே" என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டிருக்கிறார். ஆறு நாளாக வெறும் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் தலையாட்டியிருக்கிறார். சின்னவனுக்கு ஐந்து வயது. நேற்றுத் தூங்கப் போகும்போது, "தாத்தாவுக்கு நான் சொல்கிற கதை பிடிக்கவில்லையா?" என்று என்னைக் கேட்டான். எந்த பேட்டரி வாங்குவது, எங்கே கிடைக்கும் என்று யாராவது சொல்லுங்கள்.

இரவுப்பணி:
பதற வேண்டாம், இது சுலபம். பழைய பேட்டரியை வெளியே எடுங்கள். ஒவ்வொரு அளவு எண்ணுக்கும் எந்த நாட்டிலும் ஒரே நிறம்தான்: 10க்கு மஞ்சள், 312க்குப் பழுப்பு, 13க்கு ஆரஞ்சு, 675க்கு நீலம். மருந்துக் கடையில் கேளுங்கள், இல்லையென்றால் காது பரிசோதனை நிலையத்தில் இருக்கும். பேட்டரியின் மேலுள்ள ஒட்டுத்தாளைப் பிரித்ததும் காற்று பட்டு வேலை செய்யத் தொடங்கும். அதனால் பிரித்து ஒரு நிமிடம் வைத்திருந்து பிறகு போடுங்கள். மறுபடி ஒட்டினால் மிச்சமாகாது. தேவைப்படும்போது மட்டும் பிரியுங்கள். சின்னவன் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும், விழுங்கிவிட்டால் பெரிய ஆபத்து. அப்பாவிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கரையோரம்:
இரண்டு அட்டையாக வாங்குங்கள். வெளியே போகும்போது ஒன்று உங்கள் பையில் இருக்கட்டும். அடுத்த முறை கடற்கரை, மலை உச்சி வேண்டாம். காற்றும் கூட்டமும் உள்ள இடத்தில் கருவி இரைச்சலைத்தான் கொண்டுவரும். அமைதியான பூங்காவில் சாய்வுள்ள ஒரு பெஞ்சு, பக்கத்தில் ஒரு கழிப்பறை போதும். பேரன் எதிரே நிற்காமல் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேசட்டும்.

புதுக்குடித்தனம்:
ஆரஞ்சு, 13. காலையில் கடை திறந்ததும் வாங்கி வந்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அட்டையை அப்பா முன்னால் வைத்தேன். அம்மாவை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒட்டுத்தாளைப் பிரித்து, ஒரு நிமிடம் எண்ணும் வேலையைச் சின்னவனிடம் கொடுத்தேன். வலது காதுக்கு எண்ணி முடித்ததும் அப்பா போட்டுக்கொண்டார். இடது காதுக்கு மறுபடி எண்ணினான். நாற்பத்தொன்பதிலிருந்து நேராக அறுபதுக்குத் தாவினான். "ஐம்பதை எங்கேயடா விட்டாய்?" என்றார் அப்பா.

டிக்கெட்டை மாற்றவில்லை. இருக்கச் சொல்லி நான் வற்புறுத்தவும் இல்லை. அடுத்த ஞாயிறு வரை பார்ப்போம் என்று அம்மா சொல்லியிருக்கிறார். ஒரு சந்தேகம்: இரவில் கழற்றி வைக்கும்போது பேட்டரிக் கதவை மூட வேண்டுமா?

இரவுப்பணி:
திறந்தே வையுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் காயும், கருவியும் அணைந்திருக்கும்.