மாதிரி உயிரியா, உவமை உயிரியா, வெள்ளோட்ட உயிரியா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டிய மேல்நிலை மாணவர் கையேட்டில் ஒரு சொல் மட்டும், அதாவது 'model organism' என்பதற்கான தமிழ்ச்சொல் மட்டும், இன்னும் முடிவாகவில்லை. பாக்டீரியா நோய் உண்டாக்கும் விதத்தை மனிதரிடம் சோதித்துப் பார்க்க இயலாது என்பதால், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் உருளைப்புழுவுக்குச் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியாவை இரையாகக் கொடுத்து, பாக்டீரியாவின் எந்த மரபணுவைக் கெடுத்தால் புழு பிழைக்கிறது என்று பார்க்கிறார்கள். இத்தகைய விலங்கை 'மாதிரி உயிரி' என்றே எழுதி, மண்டபம் ஊரில் என் வகுப்பில் கொடுத்தேன். ஒரு மாணவி பஞ்சடைத்த குப்பிக்குள் புழுவை வரைந்து, குப்பியின்மேல் 'நோயாளியின் பெயர், தேதி' என்று சீட்டும் ஒட்டியதாக வரைந்திருந்தாள். இரத்த மாதிரி, சளி மாதிரி என்றே கேட்டுப் பழகிய பிள்ளை அவள், பிழை அவளுடையதன்று.

தேவிபட்டினம் அம்மா முன்வைத்த 'உவமை உயிரி' என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. 'வினைபயன் மெய்உரு என்ற நான்கே' என்று தொல்காப்பியத்தின் உவமவியல் ஒப்புமைக்கு வகுத்த செயல், பயன், வடிவம், நிறம் ஆகியவற்றுள், மெய்யும் உருவும் ஒவ்வாவிட்டாலும் இங்கே வினை ஒக்கிறது. எலியின் தீப்புண்ணில் கேடு செய்ய உதவும் மரபணுக்கள் சிலவே புழுவைக் கொல்லவும் அந்தப் பாக்டீரியாவுக்கு உதவுகின்றன. ஆனால் அதே இயலின் 'உயர்ந்ததன் மேற்றே உள்ளுங் காலை' (உவமை உயர்ந்த பொருளாக இருக்கவேண்டும்) என்பதைக் காட்டி, மனிதருக்குப் புழு உவமையாகாது என்று கீழக்கரை நண்பர் மறுத்ததற்கு இதுவரை யாரும் விடை கூறவில்லை. அவர் தந்த 'ஒப்புயிரி'க்குக் குறளின் 'ஒப்பாரி யாங்கண்ட தில்' அரணாக நிற்கும். அங்கே ஒப்பாரி என்பது ஒப்புமையே. எனினும் கையேட்டின் அடுத்த வரியிலேயே 'ஓம்புயிரி' (நோய்க்கிருமிக்கு இடம் கொடுக்கும் உயிரி) வருகிறது. 'உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்' என்ற நன்னூல் விதிப்படி இரண்டும் செம்மையாகப் புணர்ந்தாலும், சொல்வதைக் கேட்டு எழுதும் பிள்ளையின் காதில் இரண்டும் ஒன்றுபோலவே விழும். மாதிரியை மாத்திரையோடு முடிச்சிட்டுச் சென்ற வாரம் நடந்த நீண்ட வேர்ச்சொல் ஆய்வு அவளுக்கு உதவாது என்பதையும் பணிவோடு சொல்கிறேன்.

பாம்பன் ஐயாவின் 'வெள்ளோட்ட உயிரி' நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். புது வள்ளத்தைத் தொழிலுக்கு அனுப்புமுன் கடலில் ஓட்டிப் பார்ப்பதை அவர்கள் அறிவார்கள். ஆயினும் வெள்ளோட்டம் போவதும் பிறகு தொழிலுக்குப் போவதும் ஒரே வள்ளம். இங்கே ஓடுவது வேறு வள்ளம். இப்படிச் சோதனைக்குப் பயன்படும் இன்னொரு விலங்கான மெழுகு அந்துப்பூச்சியின் புழுவை நம் உடல் வெப்பமான 37 பாகையில் வைத்துத் தொற்றச் செய்யலாம். தொற்று முற்றினால் அந்த வெளிர்நிறப் புழு கறுத்துவிடுவதைக் கண்ணாலேயே காணலாம். என்றாலும் நம்மைப் போல எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம், antibody) உண்டாக்க அதனால் இயலாது. அந்த வேறுபாட்டை மறைக்கும் சொல்லை மாணவர் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை.

உடலிலிருந்து எடுப்பதற்கும் மாதிரி என்று பெயரிட்டதில்தான் குழப்பம் பிறந்தது என்பது என் கருத்து. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அந்தச் சோறு அந்தப் பானையிலிருந்தே வந்தது. ஆகவே இரத்தத்துக்கும் சளிக்கும் 'பதம்' என்ற பெயரைக் கொடுத்துவிட்டால், மாதிரி உயிரிக்கு மட்டும் உரியதாகிவிடும். ஆய்வகச் சீட்டுகள் மாறப்போவதில்லை என்று பாம்பன் ஐயா நேற்றிரவு எழுதியதை நான் மறுக்கவில்லை. அதனால் 'மாதிரி உயிரி' என்றே அச்சுக்குக் கொடுத்து, முதலில் வரும் இடத்தில் 'நோயாளியிடமிருந்து எடுத்ததன்று. நோயாளிக்கு மாற்றாக நோயை ஏற்கும் விலங்கு' என்று ஒரு வரி சேர்க்கிறேன். வெள்ளோட்டத்தை ஐயா கைவிடமாட்டார் என்பதும் தெரியும். மறுப்புள்ளவர்கள் வியாழன் மாலைக்குள் எழுதுங்கள்.